குடியாத்தம் பாக்கி

ரத்தம் எடுத்துக்கொண்டு
வியாழன் வரச் சொன்னார்கள்.
வேலூர் லாட்ஜில் ஃபேன் மட்டும் பேசியது.
இவர் செருப்பை மாட்டினார்:
“வா, எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம்.”

ஆம்பூரில் பெரிய போர்டுகளைத் தாண்டி
ஷிப்ட் முடிந்த ஷூ கம்பெனிப் பெண்கள்
நுழைந்த சந்தில் நுழைந்தோம்.
அண்டா மூடி திறந்த ஆவியில்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
கத்திரிக்காய் இன்னொரு கரண்டி கேட்டார்.

ஆற்காட்டில் மக்கன் பேடா.
சர்க்கரைக்குப் பயந்து ஒன்றுதான் வாங்கினோம்.
பெரிய பாதி எப்படியோ
இவர் பக்கம் போனது.

வாலாஜாவில் ஏமாந்தோம்.
கூட்டம் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறது.
சாம்பாரில் நேற்று இருந்தது.

வியாழன்
டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“குடியாத்தம் பாக்கி” என்றார் இவர்,
என்னிடமா, டாக்டரிடமா, தெரியவில்லை.

கைப்பைக்குள்
பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று
விரலால் தடவிப் பார்த்தேன்.