பதினாலாம் பக்கம்

ஆய்வில் நானும் ஒரு ஆள் என்று
துர்க்காயினி சொன்னா.
கொப்பி ஒன்று, விரல் நீளத்தில் ஒரு ரெக்கோடர்,
கழுத்தில் தொங்க என் பெயர் போட்ட அட்டை,
முன்னெழுத்துப் பிழை.

புன்னாலைக்கட்டுவனில் பதினொரு வீடு.
யூரியா தொடமாட்டோம் என்று
வாசிகசாலையில் கூடிக் கையெழுத்து வைத்த
செம்பாட்டு வீடுகள்.
எல்லா இடமும் ஒரே கேள்வி:
ஏன் மாறினீங்கள், ஆர் முதல் மறிச்சது,
குழை ஆர் வெட்டுறது, புல்லு ஆர் பிடுங்குறது.

கடைசி வீடு என்னுடையது.

மிசின் நின்ற பிறகு, குசினியில்,
ரெக்கோடரை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்து
"பெயரைச் சொல்லுங்கோ" என்றேன் என் மனிசனிடம்.
சிரிக்கப் பார்த்தார்.
பிறகு, சோதனைச் சாவடியில் சொன்ன அதே குரலில்,
முழுப்பெயர் சொன்னார்.

அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தபடி
எனக்குச் சொல்லாததை அதற்குச் சொன்னார்.
பங்குனியில் வெங்காயத் தாள் மஞ்சளித்த கிழமை,
சங்கிலி அடைவில் இருந்த கிழமை,
இரவில் இரண்டு பேணி.
கிணற்றடியிலிருந்து மூன்று பாத்திக்கு.

அடுத்த கேள்விக்குப் போனேன்.
என் கையெழுத்து மட்டும் சாய்ந்து போயிருந்தது.

"அழிக்கிறதும் விடுறதும் உங்கட இஷ்டம்,
எழுதினது நீங்கள்" என்றா துர்க்காயினி.
இரண்டு நாள் அந்தப் பக்கத்தின் மேல்
அரிசிச் சுளகு இருந்தது.
பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

வாசிகசாலையில் வரைவை வாசித்தோம்.
பெயரில்லாமல்தான். ஆனாலும்
பதினாலாம் பக்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
ஆரும் ஆரையும் பார்க்கவில்லை.
தேத்தண்ணித் தட்டோடு நின்ற ரதிமலர்,
பதினொரு தோட்டத்திலும் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறவ,
சொந்தமாக அரைப் பரப்பும் இல்லாதவ,
கையெழுத்து வைக்க ஒருவரும் கூப்பிடாதவ,
கதவடியில் நின்று சொன்னா:

"மூண்டில்லை. அஞ்சு பாத்தி.
அண்டு விடிய என்ர விரல் வெடிப்பெல்லாம் எரிஞ்சது.
வேற ரெண்டு தோட்டத்திலயும் எரிஞ்சிருக்கு."

கதிரைகள் அசைந்தன.
பின்வரிசையில் ஒருவர் இருமத் தொடங்கினார்.
"இந்தச் சமூகம்" என்று தொடங்கும் வரியில்
துர்க்காயினியின் பேனை நின்றது.

நான் மூன்றை வெட்டி ஐந்து என்று எழுதினேன்.
ஒற்றையைப் புரட்டி
பன்னிரண்டு என்று இலக்கமிட்டு
ரெக்கோடரை அவவின் பக்கம் தள்ளினேன்.
"பெயரைச் சொல்லுங்கோ."

தட்டை வைத்துவிட்டு
கையைச் சீலையில் துடைத்தா.
"இதுக்கு எத்தினை மணித்தியாலம் இருக்கோணும்?
அரைநாள் கூலி ஆர் தாறது?"