கிராம்புக் காம்பு

மாறாமலையிலிருந்து வருகிறது இந்தக் காம்பு.
மொட்டைக் கிள்ளியபின் மிஞ்சுவது,
மொட்டு விலையில் கால்வாசிகூடத் தேறாதது.
குலசேகரம் பஸ்ஸில் அரைச் சாக்கு.
"பிரியாணியா டீச்சர்?" என்றார் கண்டக்டர்.
நான் டீச்சர் இல்லை,
ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி.
பிரியாணியும் இல்லை.

தக்கலை. இரண்டாம் மாடி.
அலமாரியில் எனக்கு முன்னிருந்தவர் வாங்கிவைத்த ஹைட்ரசின்.
மண்டையோட்டுப் படம் வெயிலில் வெளுத்து
பல்வரிசை மட்டும் மிச்சம்.
அதைத் திறந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.
திறக்காமல் முடிப்பதுதான் என் ஆய்வு.

பென்சில் கரியின் தாள்களைப் பிரிக்க
இடையில் ஆக்சிஜனை உட்காரவைக்கவேண்டும்;
பிரிந்ததும் அதையே எழுப்பி அனுப்பவேண்டும்.
ஹைட்ரசின் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்.
கிராம்பு
பேசிப் பேசியே வாசல்வரை கொண்டுவிடும்,
செருப்பை எடுத்துக்கொடுத்து.

ஐப்பசி மழை.
தொண்ணூற்றைந்து டிகிரியில் கரண்ட் போனது.
"கான்டீன்ல விறகடுப்பு உண்டுல்லா" என்றார்
அட்டெண்டர் எபனேசர்.
குடுவையைத் துண்டில் சுற்றிக்கொண்டு
படியிறங்கினேன், தேன்நிறக் கலங்கல் தளும்பத் தளும்ப.
ஹைட்ரசின் என்றால்
இப்படி மார்போடு அணைத்து ஓடியிருக்கமுடியாது.

லில்லிபுஷ்பம் அக்கா ஓட்டைப்பிடிச் சருவம் ஒன்றில்
வெந்நீர் வைத்துத் தந்தாள்.
"இனி இது ஒனக்கு. இதுல கறி வைக்க ஏலாது."
கொஞ்சம் கழித்து,
"என்னவாக்கும் இது, கிறிஸ்மஸ் கேக்கு மாதிரி மணக்கு?"

ஆறு மணிநேரம்.
நான் விறகு தள்ளினேன், அவள் வெங்காயம் உரித்தாள்.
ஓரத்தில்தான் முதலில் கறுத்தது.
பிறகு பார்க்கப் பார்க்க நடுவிலும்.
கிராஃபீன் என்று சொன்னேன்.
"கரியா?" என்றாள்.
கரிதான் அக்கா.

ஒன்றை மறைக்கக்கூடாது.
ஆக்சிஜனை உட்காரவைக்க இன்றும்
கந்தக அமிலம்தான், பெர்மாங்கனேட்தான்.
கழுவிய தண்ணீர் படிக்கட்டடியில்
நீலக் கேன்களில் நிற்கிறது. பதினொன்று.
குளச்சல் சிப்பிச் சுண்ணாம்பு போட்டுக் கலக்கி
லிட்மஸ் நனைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
அமிலம் அடங்குகிறது, மாங்கனீசு போய்விடுவதில்லை.

"உன் தலைப்பு இரண்டாம் கட்டம் மட்டும்தானே"
என்கிறார் கைடு.
ஆமாம் சார்.
பசுமை முறை என்று தட்டச்சு செய்து
அழித்து
மறுபடி தட்டச்சு செய்தேன்.

மழை விடவில்லை.
இந்த ஊர் ஓடையெல்லாம் வள்ளியாற்றுக்குத்தான் போகிறது.
பன்னிரண்டாவது கேனுக்கு
மூடி தேடிக்கொண்டிருக்கிறேன்.