உலர்ந்த துண்டு

மில்வாக்கியில் பிப்ரவரி. வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
உள்ளே நான், வடக்குக் கூடையின் அடியில்,
முக்காலியில், மடியில் ஒரு வெள்ளைத் துண்டோடு.
யாராவது விழுந்தால்
அவர் தரையில் விட்டுப்போகும் வியர்வை என் பங்கு.
பதினேழு வருடமாகத் துடைக்கிறேன்.
சாதாரண செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கே
ஆறு துண்டு நனையும்.

இன்று நட்சத்திரங்களின் ஆட்டம்.
இடைவேளையில் நூற்று நான்கு, தொண்ணூற்று ஒன்பது.
துண்டின் மடிப்புகூடக் கலையவில்லை.

ஒருவர் பந்தோடு வந்தார்.
எதிரே நின்றவர் சம்பந்தி வீட்டாரைப் போல
நகர்ந்து வழிவிட்டார்.
அடுத்த முறை இவர் அவருக்கு.
மொய்க்கு மொய்.
ஜனங்கள் முதலில் கத்தினார்கள்,
பிறகு கைப்பேசியை எடுத்தார்கள்,
பிறகு சோளப்பொரி வரிசைக்குப் போய்விட்டார்கள்.

லீக்கிலிருந்து எங்களுக்கும் ஓர் அட்டை வந்திருந்தது:
அடுத்த ஆண்டு ஆட்டம் சூடுபிடிக்க உங்கள் யோசனை என்ன?
கீழே நான்கு கோடு. பென்சிலும் தந்தார்கள், விரல் நீளத்துக்கு.

ஸ்கோர்போர்டு அறையில் பாவ் சியோங் அப்போதே எழுதிவிட்டான்:
கடிகாரத்தை எடுத்துவிடுங்கள்.
நூற்றைம்பதை முதலில் தொடுகிறவர்கள் ஜெயித்தவர்கள், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.
(அவனுக்கு எப்போதும் வீட்டுக்குப் போவதில்தான் குறி.)
நுழைவாயில் வாண்டா: தோற்றவர்கள்
சாதா விமானத்தில், நடு இருக்கையில் ஊர் திரும்பட்டும்.
ஏழடி ஆள், நடு இருக்கை!
அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.
காவலாளி டெஸ்மண்ட் பணம் என்றான், ஆளுக்குப் பத்து லட்சம் டாலர்.
அவங்க காலுறைக்கே அவ்வளவு வருமே என்றான் பாவ்.
நாட்டுக்கு நாடு மோதவிடலாம் என்று எழுதிய அணி மருத்துவர்
ஏப்ரலில் தேவைப்படும் கணுக்கால்களை நினைத்து
தானே அடித்துவிட்டார்.

என் அட்டை காலி.

மூன்றாம் கால்பகுதியில் இறங்கினான் ஷெல்டன் ப்ரூசார்ட்.
காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக
வெள்ளிக்கிழமை இரவு போன் போட்டு வரவழைத்த ஆள்.
முதுகில் ஒட்டிய பெயர் ஒரு மூலையில் பிரிந்திருந்தது.
ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது அவனுக்கு.
வெளியே உருண்டு போன ஒரு பந்துக்கு,
யாருக்கும் வேண்டாத பந்துக்கு,
நெடுஞ்சாண்கிடையாகப் பாய்ந்து விழுந்தான்.

அரங்கம் சிரித்தது.
பிறகு அந்தச் சிரிப்பு நின்றது எனக்குக் கேட்டது.

எதிரணியின் பெரியவர், காலணிக்கே தன் பெயர் உள்ளவர்,
புருவம் சுருக்கினார்: என்னப்பா, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா?
ப்ரூசார்ட் பதில் சொல்லவில்லை.
அவர் அடுத்த முறை வந்தபோது வழிவிடவும் இல்லை.
மார்புக்கு நேர் மார்பு.
பந்து பறிபோனது.
அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்,
மறுபடி வந்தார், தோளைத் தாழ்த்திக்கொண்டு.

நான்கு நிமிடம்.
இரண்டு அணிக்கும் சேர்த்து பதினொரு புள்ளி.
ஸ்கோர்போர்டு பழுதோ என்று பாவ் ஒயரைத் தட்டிப் பார்த்தானாம்.
நான் மூன்று முறை மண்டியிட்டேன்,
துடைத்து முடிப்பதற்குள் அவர்கள் திரும்பி வர,
எழுந்து ஓடினேன்.
பொரி டப்பாவோடு வந்தவர்கள்
இருக்கைக்குப் போகாமல் படியிலேயே நின்றார்கள்.

பிறகு பயிற்சியாளர் கை காட்டினார். ப்ரூசார்ட் பெஞ்சுக்கு.
சம்பந்திகள் திரும்பி வந்தார்கள்.
முடிவில் இருநூற்று ஒன்று, நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
எது யாருடையது என்று கேட்காதீர்கள்.

அட்டையில் எழுதினேன்:
அடுத்த வருடம் அழைப்பார்களா என்று தெரியாத ஒருவனை
அணிக்கு ஒருவனாகச் சேருங்கள்.
படித்துப் பார்த்தேன். கொடுமையாக இருந்தது,
பயத்தை வாடகைக்கு எடுக்கிற மாதிரி.
அந்தப் பென்சிலில் ரப்பரும் இல்லை.
மேலேயே கிறுக்கிவிட்டு, கடைசிக் கோட்டில்,
நான்கு நிமிடம் போதும், துண்டு வாங்கி வையுங்கள் என்று போட்டேன்.

சுரங்கப் பாதையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்,
முழங்கையில் பனிக்கட்டிப் பை.
என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்து
உங்களுக்கு வேலை வெச்சுட்டேன் என்றான்.
அதுக்குத்தானே சம்பளம் என்றேன்.
ஆமாம், என்றான். ஆமாம்.