நானூற்றுப் பன்னிரண்டு கார்டு

செம்மண்டலம் ரேஷன் கடையில்
இந்த மாதம் நானூற்றுப் பன்னிரண்டு கார்டு.
நாளெல்லாம் சர்க்கரை அள்ளித் தராசில் கொட்டுகிறவளுக்குத்தான்
சர்க்கரை என்று எழுதினார்கள்.
வரிசையில் நின்ற ஜெயக்கொடி சிரித்தாள்,
"மூட்டையோடயே கெடக்குறியே, ஒட்டிக்கிச்சு போ."
நானும் சிரித்தேன்.
பிறகு கோணி அடுக்கிய இருட்டுக்குள் போய்
வேலை இருப்பதுபோல் நின்றேன்.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
குளுக்கோஸ் தண்ணியைக் குடித்துவிட்டு
இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததற்கு
கிடைத்த எண் நூற்றறுபத்தெட்டு.
சீட்டை நாலாக மடித்தும்
உள்ளே அது மடங்கவில்லை.

ஆனி மாதம். பலா முடிகிற நேரம்.
தணிகைவேல் பண்ருட்டி மண்டியில் லோடு ஏற்றுகிறவர்,
பலா வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும்.
நானாகச் சொல்லவில்லை.
ஒருநாள் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு
குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.
அதைத் தாண்டி அவர் எதுவும் பேசவில்லை.
அது போதுமா என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

வளைகாப்பில், "ஒரு வாய்தானே" என்றார்கள்.
இருபத்தாறு பேர்.
இருபத்தாறு ஒரு வாய்.
வளையல் குலுங்க, ராத்திரி விரலைக் குத்திக்கொண்டேன்.
அதற்கப்புறம் ஊசி.

ஐப்பசிப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று
தெருவெல்லாம் பாத்திரம் மூட்டை கட்ட,
நான் மண்சட்டியில் ஈரமணலைக் கொட்டி
நடுவில் கிண்ணம் வைத்து
இன்சுலினைப் படுக்க வைத்தேன்.
மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன்,
சில்லென்று இருக்கிறதா என்று.
பிள்ளைக்கு முன்னால் நான் தொட்டில் கட்டியது அதற்குத்தான்.

பிறந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.
நர்ஸ் ஜெசிந்தா அவள் குதிகாலைப் பிடித்து
ஊசியால் ஒரு பொட்டு வைத்தாள்.
நாளைக்கு நாலு தடவை
அஞ்சு மாசமாய் என்னைக் குத்திக்கொண்டபோது
உஸ் என்றுகூடச் சொல்லாதவள்
வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.
"நாப்பத்தேழு இருக்கு, பயமில்ல, பால் குடு."
அவ்வளவுதான் சொன்னாள்.
கொடுத்தேன்.

அதற்கப்புறம் யாரும் என் எண்ணைக் கேட்கவில்லை.
பிள்ளை எத்தனை கிலோ, கலர் யாரு மாதிரி,
பேர் என்ன வைக்கப்போறீங்க.
குளுக்கோமீட்டர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

ஆறு வாரம் கழித்து வரச் சொன்ன சீட்டு
என் பர்சில் மட்டும் இருந்தது.
ஷேர் ஆட்டோவில் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன்.
அதே டம்ளர், அதே பெஞ்சு, அதே தித்திப்பு.
ஜாக்கெட் நனைந்து முந்தானை வரை வந்துவிட்டது.
பக்கத்து பெண்ணுக்கு ஏழாம் மாசம்,
குடித்ததை வாந்தியெடுக்காமல் இருக்க
உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
"நடக்காதீங்க, அப்படியே உக்காருங்க" என்றேன்.

ஜன்னலில் என் பேரைக் கூப்பிட்டார்கள்.
ரிசல்ட் ரெடி, வாங்கிட்டுப் போங்க.
இவள் வாயை எடுக்கவில்லை.
மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இருங்க,
குடிச்சு முடிக்கட்டும்.