கால் பங்கு

டொலிடோ நகர நீதிமன்றத்தில்
பதினொரு நிமிடத்தில் ஜெயித்தேன்.
நீதிபதி தும்மினார், மூக்கைத் துடைத்தார், கையெழுத்திட்டார்:
வாண்டா ஜெலின்ஸ்கிக்கு டெல்பர்ட் கிரான்ஸ்
தரவேண்டியது ஆயிரத்து அறுநூற்று நாற்பது டாலர்.
கூரை மாற்ற முன்பணம் வாங்கி
மர ஏணி ஒன்றை என் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவன்
அன்றும் வரவில்லை.

"தீர்ப்பு கொடுப்பதுதான் எங்கள் வேலை.
வசூல் உங்கள் பாடு" என்றாள்
கண்ணாடிக்குப் பின்னிருந்த எழுத்தர்.
"எங்கே வேலை பார்க்கிறான் என்று
முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள்."

ஏழு மாதம்.
வாளி நிறைந்தது, கொட்டினேன், நிறைந்தது.
ஒருநாள் பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால்
திரும்பி நின்றிருந்தான்.
பாட்டில் தொழிற்சாலையின் பெயரை
முதுகில் தைத்துப் போட்டிருந்தான், பெரிய எழுத்தில்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஒரு படிவம், ஒரு கட்டணம்,
பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு பதிவுத் தபால்.
பிறகு வந்தது முதல் காசோலை:
நூற்று எழுபத்தொன்று, நாற்பது சென்ட்.
சட்டம் அனுமதிப்பது கால் பங்கு.
அடுப்படியில் நின்றபடி நாலால் பெருக்கினேன்.
இரண்டு வாரத்துக்கு அவன் உழைப்பு என்ன பெறும் என்பது
அவன் மனைவியைப் போல எனக்கும் தெரிந்துபோயிற்று.

நவம்பரில் இருநூற்றுப் பத்து. ஓவர்டைம்.
கிறிஸ்துமஸுக்கு உலையை அணைத்திருப்பார்கள், நூற்று முப்பது.
பிப்ரவரியில் ஒன்றுமே இல்லை.
காய்ச்சலா, குழந்தைக்கு ஏதாவதா,
பனியில் வண்டி படுத்துவிட்டதா?
கடன்காரியிடம் யார் சொல்லுவார்கள்?
கோபம்தான் வந்திருக்க வேண்டும்.
தபால்காரர் போன பிறகும்
வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச்சில் மறுபடி வந்தது.
மே மாதம் கடைசிக் காசோலை,
முப்பத்தொன்று, எட்டு சென்ட்.
கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொடுக்க
இன்னொரு படிவம்.
அதற்கடுத்த வெள்ளியும்
பழக்கதோஷத்தில் தபால் பெட்டியைத் திறந்தேன்.
பீட்சா விளம்பரம்.

ஜூனில் ஒரு லாரி வந்து நின்றது.
இறங்கினான். என்னைவிட இளைத்திருந்தான்.
"ஏணி என்னுடையது."
"எடுத்துக்கொள்."
தூக்கப் போனவன் அண்ணாந்து பார்த்தான்.
புது ஓடுகள், புதுத் தகரம்.
"யார் போட்டது?"
"நீதான். கால் காலாக."

சிரிக்கவில்லை.
ஏணியைப் புரட்டினான், தடவிப் பார்த்தான்.
இரண்டு குளிர்காலம் வெளியிலேயே நின்றதில்
மூன்றாவது படி உளுத்திருந்தது.
"இதற்கு யார் தருவது?" என்றான்.