மூன்று மொழிப் பொட்டலம்

இரவு மூன்று மணி. வினிபெக்.
முதியோர் இல்லத்தில் ஊழியர் அறை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மைக்ரோவேவ் சும்மா நிற்கிறது,
நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.

படிப்பதுதான் இப்போது என் சாப்பாட்டில் பாதி.
நாற்பத்திரண்டு வயதில் டொக்டர் சொன்னாள்:
கோதுமை உனக்கு ஆகாது, ஒரு துகள்கூட.
துகளை எப்படிப் பார்ப்பது என்றேன்.
லேபிளைப் பார் என்றாள்.

பார்த்தேன்.
தண்ணீர்ப் போத்தலில் எழுதியிருக்கிறது, குளூட்டன் இல்லையாம்.
உப்பில் எழுதியிருக்கிறது.
ஒருமுறை, சத்தியமாக, பாத்திரம் கழுவும் திரவத்தில்.
ரசப் பொடி மட்டும் வாய் திறக்காது.
ஒரே கம்பனி:
நூறு கிராம் பை இல்லை என்கிறது,
ஐந்நூறு கிராம் பை இருக்கலாம் என்கிறது,
பெருங்காய டப்பா எதுவும் சொல்லாமல் மணக்கிறது.
அதில் கோதுமை மா கலப்பார்கள் என்று
நான் தெரிந்துகொண்டது
குளியலறைத் தரையில் படுத்துக்கொண்டு.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது.
என் குடலுக்கு அது பழமொழி இல்லை.

இன்றைக்கு அரிசிச் சேமியா உப்புமா,
சுடுநீர் ஊற்றினால் நான்கு நிமிடம்.
பெம்பினா சாலையில் கேதாரநாதன் கடையில் வாங்கியது.
ஆங்கிலத்தில் ஒரு பச்சைக் கதிர், குறுக்கே கோடு,
குளூட்டன் அற்றது.
பிரெஞ்சில் அந்த வரியே இல்லை.
இந்த நாட்டில் பாஷைக்கு ஒரு குடலா?

மரிசெல் தன் நூடுல்ஸிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள்.
ஸ்டிக்கர் புடைத்திருக்கிறது, என்கிறாள்,
அடியில் ஏதோ இருக்கு.

உரிக்கிறேன்.
பதினாலாம் அறைக் கிழவரின் கையில்
பிளாஸ்டர் உரிப்பதுபோல,
தோலும் சேர்ந்து வராமல், மெதுவாக.

அடியில் தமிழ்.
எறும்பு வரிசை போல் சின்ன எழுத்து:
கோதுமை அரைக்கும் ஆலையில் தயாரிக்கப்பட்டது.

அன்றிரவு வாழைப்பழம் சாப்பிட்டேன், இரண்டு.

சனிக்கிழமை கடைக்குப் போனேன், சண்டைக்குத்தான்.
கேதாரநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பொட்டலத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.
"ஸ்டிக்கர் டொரண்டோவில இருந்து சுருளா வருது, தங்கச்சி.
எது மிஞ்சுதோ அதை ஒட்டுறம்.
பச்சை ஒட்டினா வெள்ளைக்காரரும் வாங்கினம்."
மறைக்காமல் சொன்னார்.
சண்டையை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.
நாலு டொலர் இருபத்தொன்பது சதம் திருப்பித் தந்தார்.
மேலே ஒரு புளிக் கட்டி, சும்மா.
திருப்பிப் படித்தேன்.
"புளிதானே," என்றார்.

இப்போது மரிசெல்லின் புறங்கையில்
நீலப் பேனாவால் மூன்று எழுத்து: கோ து மை.
நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தானே வரைந்தது,
தலைகீழாகத் தொடங்கிய ஒரு கொம்போடு.
நான் பதினாலாம் அறைக்கு ஓடும் நேரங்களில்
என் பொட்டலங்களை அவள் திருப்பிப் பார்க்கிறாள்,
கையையும் பொட்டலத்தையும் மாறி மாறி.

நேற்று ஒன்றில் நிறுத்தினாள். விரல் அழுந்தியிருந்தது.
இதுவா?
எட்டிப் பார்த்தேன்.
இல்லை, அது கோவை. ஊர்ப் பெயர்.

ஊரா, என்று யோசித்தாள்.
முதல் எழுத்து ஒன்றுதானே, என்றாள்.
பிறகு எனக்குக் கேட்காமலே
அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு
தன் சோற்றில் பாதியை
என் தட்டுக்குத் தள்ளினாள்.

சோறும் உப்பும், என்றாள்.
உப்புப் பையைப் படித்துவிட்டேன்.