காதுக்கு ஒரு மூங்கில்

சம்மாந்துறையில் பத்தொன்பது வருசம் நான் ஓட்டின ஆலை
வேலையை விட்ட பிறகும் வலது காதில் ஓடுகிறது.
உமி இல்லை, தவிடு இல்லை.
நெல் போடாத மெசினின் வெறும் இரைச்சல்.

கல்முனை ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை
காதுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு,
"இதுக்கு மருந்து இல்ல ஐயா,
சத்தமே இல்லாத இடத்தில படுக்காதீங்க" என்றா.
"சின்னதா ஒரு சத்தம் பக்கத்தில கிடக்கட்டும்."

ரேடியோ வைத்தேன். சவர்க்காரம் விற்றது.
ஃபேன் வைத்தேன். அது ஆலையின் தம்பி.

மூங்கில் அம்பாறை பஸ்சில் வந்தது,
ஐந்தடி, என் மடிக்குக் குறுக்கே,
சன்னலுக்கு வெளியே ஒரு சாண்.
கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்.
காரைதீவுச் சந்தி வரும்வரை பேசி
அரை டிக்கெட்டில் முடித்தோம்.

வெறும் குழாய் என்றுதான் நினைத்திருந்தேன்.
கணுவுக்குக் கணு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.
கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்த
முதல் கதவு புகைந்து திறந்தது.
அடுத்ததில் கை சறுக்கி
பாதி மூங்கில் நெடுக வெடித்தது.
ஜீவமலர் அதைக் கொண்டுபோய்
பாகல் கொடிக்கு ஊன்றினாள்.

மிச்சப் பாதியை மூன்றாய் அறுத்து
நெல் அவிக்கும் கிடாரத்தில் உப்புப் போட்டு அவித்தேன்.
வாயைச் சரித்துச் சீவினேன்.
விளிம்பு உடைந்த மீன்சட்டி அடியில்;
எங்கள் கடற்கரையில் மணல்தான், கல்லில்லை,
பக்கத்து வீட்டுக்கு இறக்கின கிறவலில்
உருண்டையாய்ப் பார்த்து ஒரு சேலைத்தலைப்பு பொறுக்கினாள் அவள்.
பம்ப், சாய்ந்தமருதில்
இல்ஹாமின் மீன்தொட்டிக் கடையில்.
"என்ன மீன் அண்ணன்?"
"மீன் இல்ல. காது."

பிளக்கைச் செருகினேன்.
தண்ணீர் ஏறியது, வாயில் நின்று யோசித்தது, விழுந்தது.
அதற்கும் கீழே பம்ப்
ஊங் என்றது.
அதே சுருதி.
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து
ஆலையை மறுகா வாங்கி வந்திருக்கிறேன்.

ஜீவமலர் ஒன்றும் சொல்லவில்லை.
வாரறுந்த பாட்டாவின் அடியை வெட்டி
பம்புக்குப் பாய் விரித்தாள்.
அடங்கிவிட்டது.

குரல் மட்டும் என் வேலை.
சட்டியில் நாலு விரல் தண்ணீர் என்றால் டொக், டொக்;
இரண்டு விரல் என்றால் சளசளப்பு;
தட்டைக் கல்லொன்றை வாய்க்கு நேரே வைத்தால்
அடுத்த அறையில் யாரோ
சொல் விளங்காமல் கதைப்பதுபோல.
அதையே வைத்துக்கொண்டேன்.

முதல் கிழமை அவள் இரவில் மூன்று தரம் எழும்பினாள்.
"உங்கட காதுக்கு மருந்து,
என்ர மூத்திரப் பைக்கு வருத்தம்."

டெங்கு பார்க்க வந்த பீஎச்ஐ தம்பி
டோர்ச் அடித்து, முழங்காலில் குந்தி,
கல்லையெல்லாம் புரட்டினார்.
"ஓடுற தண்ணிதான். கரண்ட் போனா?"
நாலு கப்பி விடச் சொன்னார்.
இல்ஹாம் பையைக் கட்டிக்கொண்டே சிரித்தான்:
"அண்டைக்கே கேட்டனே, என்ன மீன் எண்டு."

நேற்று இரவு இரண்டரைக்குக் கரண்ட் போனது.
மூங்கிலுக்குள் தண்ணீர் ஒரு மிடறு இறங்கியது.
மறுகா ஒன்றுமில்லை.
ஆலை திறந்தது.
பழகினதுதானே, அசையாமல் கிடந்தேன்.

எழும்பி உட்கார்ந்தது ஜீவமலர்.
"நிண்டு போச்சு."
"ம்."
"நித்திரை வராது இனி."
கப்பி ஒன்று சட்டிக்குள் வாலை அடித்தது.
"இப்ப உங்கட காதுக்குள்ள
என்ன மாதிரிக் கேக்குது?"

எந்தச் சொல்லைச் சொல்ல?
இருட்டில் அவள் காதைத் தேடி
வாயை அதில் வைத்து
மெல்ல இரைந்தேன்.

"இவ்வளவு சத்தமா?"

இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.